பவளத்தொட்டி நீரின் காரத்தன்மையை நிலையாக வைத்திருத்தல்

கடல்நீர்த் தொட்டியில் மீன்களை மட்டும் வளர்க்கும்போது அம்மோனியா, நைட்ரேட், உப்புச்செறிவு, வெப்பநிலை ஆகியவற்றைக் கவனித்தால் பெரும்பாலும் போதும். கல் எலும்புக்கூட்டைக் கட்டிக்கொள்ளும் பவளங்களை அதே தொட்டியில் வைத்த நாள்முதல் கணக்கு மாறிவிடுகிறது. அவை நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் இரவும் பகலும் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. கடலில் இந்த இழப்பு தெரிவதில்லை. அங்கே ஒரு பவளத்தைச் சூழ்ந்திருக்கும் நீர் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கிறது. 150 லிட்டரோ 200 லிட்டரோ கொண்ட கண்ணாடித் தொட்டிக்குள் அடைபட்ட பவளத்துக்கு அந்த வசதி இல்லை. அது எடுத்ததை நாம்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கவேண்டியவற்றுள் மிக விரைவாகத் தீர்ந்துபோவது காரத்தன்மை. புதிதாகப் பவளம் வளர்க்கத் தொடங்கியவர் ஒரே ஒரு அளவைத்தான் வாரந்தோறும் தவறாமல் பார்க்க முடியும் என்றால், அது இதுவாகவே இருக்க வேண்டும்.

காரத்தன்மை என்பது நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பதன் அளவு. இதையும் பி.எச். அளவையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பி.எச். என்பது அந்த நொடியில் நீர் அமிலப் பக்கம் இருக்கிறதா காரப் பக்கம் இருக்கிறதா என்பதைச் சொல்கிறது. காரத்தன்மையோ, அமிலம் சேர்ந்தால் அதைச் செயலிழக்கச் செய்ய நீரில் எவ்வளவு கையிருப்பு உள்ளது என்பதைச் சொல்கிறது. வீட்டிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு டம்ளரில் தொட்டி நீரையும் இன்னொன்றில் ஆர்.ஓ. நீரையும் சம அளவில் எடுத்துக்கொண்டு, இரண்டிலும் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்குப் பிறகும் கலக்கி பி.எச். பார்க்க வேண்டும். ஆர்.ஓ. நீர் முதல் ஓரிரு சொட்டிலேயே அமிலமாகிவிடும். தொட்டி நீர் பல சொட்டுகள் வரை தாக்குப்பிடித்து, அதன்பிறகே சடாரென்று இறங்கும். அவ்வளவு நேரம் அதைத் தாங்கிப் பிடித்திருந்தவை பைகார்பனேட், கார்பனேட், சிறிதளவு போரேட் ஆகிய அயனிகள். கடல்நீரின் காரத்தன்மையில் பெரும்பகுதி பைகார்பனேட்டால் வருவது. பவளத்துக்கு வேண்டியதும் அதுவே.

இதை அளக்க மூன்று அலகுகள் வழக்கில் உள்ளன. வளர்ப்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது டி.கே.எச். என்னும் ஜெர்மானிய அலகு. வேதியியல் நூல்களில் லிட்டருக்கு இத்தனை மில்லி ஈக்விவலென்ட் என்று இருக்கும். சில கருவிகள் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் காட்டும். 1 மில்லி ஈக்விவலென்ட் என்பது 2.8 டி.கே.எச்.; 1 டி.கே.எச். என்பது ஏறத்தாழ 17.9 பி.பி.எம். இயற்கையான கடல்நீரில் இது சுமார் 6.5 முதல் 7 டி.கே.எச். வரை இருக்கும். கடைகளில் விற்கும் செயற்கை உப்புக் கலவைகள் பொதுவாக 7-இல் தொடங்கி 12 வரை வேறுபடுகின்றன.

பவளம் இதை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். பவளத்தின் மெல்லிய திசுவுக்கும் அதன் கல் எலும்புக்கூட்டுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி ஒன்று உண்டு. அங்கே ஒரு கால்சியம் அயனியும் இரண்டு பைகார்பனேட் அயனிகளும் சேர்ந்து, அரகோனைட் வடிவக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகின்றன. கரியமில வாயுவும் நீரும் மிஞ்சுகின்றன. இந்தப் படிவு தொடர்ந்து நடக்கவேண்டுமானால் அந்த இடைவெளியிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளைப் பவளம் இடைவிடாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆற்றல் தேவை. அந்த ஆற்றலில் பெரும்பங்கைத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் தருகின்றன. ஆகவே விளக்கு எரியும் நேரத்தில் எலும்புக்கூடு வேகமாக வளர்கிறது, இரவில் மெதுவாக வளர்கிறது. காரத்தன்மையை எப்போதும் நாளின் அதே நேரத்தில் அளக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த வேதிவினையில் ஒரு மாறாத விகிதம் ஒளிந்திருக்கிறது. 1 டி.கே.எச். காரத்தன்மை செலவாகும்போது ஏறத்தாழ 7 பி.பி.எம். கால்சியம் செலவாகும். இப்போது இருப்பையும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீரில் கால்சியம் 420 பி.பி.எம். இருக்கிறது, 7 போனால் அது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. காரத்தன்மை 8 டி.கே.எச். இருக்கிறது, 1 போனால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரே வேலைக்காக இரண்டும் சேர்ந்தே செலவானாலும், கையிருப்பு குறைவாக உள்ள காரத்தன்மைதான் முதலில் கீழே விழுகிறது. வாரத்துக்கு ஒருமுறை கால்சியத்தை மட்டும் அளந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்புபவரின் தொட்டியில் காரத்தன்மை அபாய நிலைக்குப் போயிருக்கக்கூடும்.

எல்லாப் பவளமும் ஒரே அளவில் எடுப்பதில்லை. அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற சிறு பாலிப் (பவளத்தின் வாயும் உணர்கொம்புகளும் கொண்ட தனி உயிர்) கல் பவளங்கள் நிறைந்து வளர்ந்த தொட்டி, நாளொன்றுக்கு 1 டி.கே.எச்.-க்கு மேல்கூடக் குடிக்கும். யூஃபிலியா போன்ற பெரும் பாலிப் பவளங்கள் குறைவாக எடுக்கும். காளான் பவளம், தோல் பவளம் ஆகியவற்றின் தேவை சொற்பமே. ஆனாலும் கல் பவளமே இல்லாத தொட்டியிலும் காரத்தன்மை குறையும் என்பதைத் தொடக்கநிலையினர் அறிந்திருப்பதில்லை. பாறைகளிலும் பின்கண்ணாடியிலும் ஊதா நிறத்தில் படரும் கோரலைன் பாசியும் நத்தைகளும் சிப்பிகளும் அதே பொருள்களைக்கொண்டுதான் தங்கள் ஓட்டைக் கட்டுகின்றன. அதோடு, மீன் கழிவிலுள்ள அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும் வினையும் காரத்தன்மையைத் தின்கிறது. நைட்ரேட் 50 பி.பி.எம். சேர்வதற்குள் 2 டி.கே.எச்.-க்குச் சற்று அதிகமாகவே கரைந்துபோயிருக்கும்.

எந்த எண்ணில் நிறுத்துவது?

7 முதல் 11 வரை ஏதோவோர் எண்ணில் தொட்டியை நடத்தி, செழிப்பான பவளங்களை வளர்ப்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். ஆகவே 8 சரியா 9 சரியா என்ற விவாதத்தில் தொடக்கநிலையினர் காலம் செலவிட வேண்டியதில்லை. எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அதிலிருந்து அரை டி.கே.எச்.-க்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் மாதக்கணக்கில் வைத்திருப்பதே பவளத்துக்குத் தேவை. இன்று 7, மூன்று நாள் கழித்து 10, அடுத்த வாரம் மீண்டும் 7.5 என்று ஊசலாடும் தொட்டியில், எல்லா எண்களும் ஏற்கத்தக்க வரம்புக்குள்தான் இருக்கின்றன என்றாலும், அக்ரோபோராவின் அடிப்பகுதியிலிருந்து திசு உரிந்து வெள்ளை எலும்பு தெரியத் தொடங்கும். பாலிப்கள் வெளியே நீளாமல் உள்ளேயே சுருங்கிக் கிடக்கும். இந்த அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிவதற்குச் சில நாள்களோ வாரங்களோ ஆவதால், விளக்கைக் குறை சொல்வதும் புதிதாக விட்ட மீனைக் குறை சொல்வதும் நடக்கிறதே தவிர, உண்மைக் காரணம் மறைந்துவிடுகிறது.

தொடக்கநிலையினர் 8-ஐ ஒட்டிய ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. அது கடல்நீருக்கு அருகில் இருக்கிறது. அளவு ஏதோவொரு காரணத்தால் 1 குறைந்தாலும் பவளம் தாங்கும், 1 கூடினாலும் தாங்கும். உயர்ந்த காரத்தன்மை எலும்பு வளர்ச்சியைத் தூண்டுவது உண்மைதான். ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இல்லாத அளவுக்குச் சுத்தப்படுத்தப்பட்ட தொட்டியில் அது 10-ஐத் தாண்டும்போது, அக்ரோபோராவின் கிளை நுனிகள் தீய்ந்ததுபோல் வெளுத்துப்போவதை வளர்ப்பவர்கள் பரவலாகக் கண்டிருக்கிறார்கள். உணவும் ஒளியும் ஈடுகொடுக்காத இடத்தில் காரத்தன்மையை மட்டும் ஏற்றுவதால் பயனில்லை.

மெக்னீசியத்தையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கடல்நீரில் அது ஏறத்தாழ 1,290 பி.பி.எம். உள்ளது. கால்சியம் கார்பனேட் தானாகவே படிகமாகி விழுந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. 1,200-க்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு ஊற்றினாலும் கால்சியமும் காரத்தன்மையும் ஏற மறுக்கும். ஊற்றியதெல்லாம் ஹீட்டரிலும் பம்பின் உள்ளேயும் வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடும்.

அளக்கும் முறை

வீட்டு டெஸ்ட் கிட்டுகள் எல்லாம் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. அளந்தெடுத்த தொட்டி நீரில் நிறங்காட்டியைச் சேர்த்து, செறிவு தெரிந்த அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் நிறுத்தி, எவ்வளவு அமிலம் செலவானது என்று பார்க்கிறோம். தொடக்கத்தில் சொன்ன வினிகர் சோதனையின் துல்லியமான வடிவமே இது. ஒரு சொட்டுக்கு 1 டி.கே.எச். என்று எண்ணும் மலிவான கிட்டுகள் நன்னீர்த் தொட்டிக்குப் போதுமானவை. பவளத்தொட்டியில் அரை டி.கே.எச். வேறுபாட்டைப் பிடிக்க வேண்டியிருப்பதால், சாலிஃபெர்ட் போன்ற சிரிஞ்சு வகைக் கிட்டோ ஹன்னா போன்ற மின்னணு அளவியோ தேவை.

அளக்கும்போது கைப்பழக்கம் முக்கியம். சோதனைக் குப்பியை முதலில் தொட்டி நீராலேயே இரண்டு முறை அலசிக் கொட்ட வேண்டும். நீரை எடுக்கும் சிரிஞ்சின் நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றிவிட்டு, நீர்மட்டத்தின் வளைந்த அடிப்பகுதி கோட்டில் நிற்கும்படி கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமிலம் எடுக்கும் சிரிஞ்சின் முனையில் சிறிது காற்று நிற்பது இயல்பு. பிஸ்டன் முனையையே அளவாகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்குப் பிறகும் குப்பியைச் சுழற்றிக் கலக்கி, வெள்ளைத் தாளின் மீது வைத்துப் பார்க்க வேண்டும். சொட்டு விழுந்த இடத்தில் தோன்றி மறையும் நிறத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கலக்கிய பின்னும் நிலைத்து நிற்கும் முதல் நிறமாற்றமே முடிவு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதும் தொட்டியின் நீல விளக்கருகே நின்று பார்ப்பதும் பிழைக்கு வழி.

எந்தக் கிட்டாக இருந்தாலும் 0.3 டி.கே.எச். வரை பிழை இருக்கலாம். புதுக் கிட் வாங்கும்போது பழையதோடு ஒப்பிடாமல், திடீரென்று காரத்தன்மை மாறிவிட்டதாக நினைத்து ஊற்றும் கரைசலின் அளவை மாற்றுவது பரவலான பழக்கம். இதைத் தவிர்க்க ஒரு சரிபார்ப்புக் கரைசலை வீட்டிலேயே தயாரிக்கலாம். 2.4 கிராம் தூய சோடியம் பைகார்பனேட்டை, அதாவது ஆப்ப சோடாவை, வாலை வடிநீரில் கரைத்து 1 லிட்டராக்க வேண்டும். அதிலிருந்து 100 மில்லியை எடுத்து, மீண்டும் வடிநீர் சேர்த்து 1 லிட்டராக்கினால், அதன் காரத்தன்மை 8.0 டி.கே.எச். இந்தக் கரைசலில் உங்கள் கிட் 8.4 காட்டினால், அது எப்போதும் சற்றுக் கூட்டிக் காட்டுகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளலாம்.

செலவைக் கணக்கிடுதல்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்துபார்க்க விரும்புபவர் இந்தப் பகுதியைச் செய்துபார்க்கட்டும். தொட்டி எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாமல் கரைசல் ஊற்றுவதுதான் ஊசலாட்டத்தின் ஊற்றுக்கண். கடையில் வாங்கும் கரைசல் புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு யாரோ ஒருவரின் தொட்டிக்கு உரியது. உங்கள் தொட்டியின் பவளங்களை அது அறியாது.

முதலில் உப்புச்செறிவு சரியாக இருக்க வேண்டும். 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கவேண்டிய நீர் 33-க்கு இறங்கியிருந்தால் காரத்தன்மையும் அதே விகிதத்தில் இறங்கியே காட்டும். அதைப் பவளம் எடுத்ததாக நினைத்துவிடக் கூடாது. பிறகு மூன்று நான்கு நாள்களுக்கு எந்தக் கரைசலும் சேர்க்காமல், நீரும் மாற்றாமல், நாள்தோறும் ஒரே நேரத்தில், எடுத்துக்காட்டாக விளக்கு எரிவதற்கு முன், காரத்தன்மையை அளந்து எழுத வேண்டும். ஒரு தொட்டியில் 8.6, 8.3, 7.8, 7.4 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டு நாள்களின் வேறுபாடு கிட்டின் பிழைக்குள் மறைந்துபோகும். மூன்று நாள்களில் 1.2 குறைந்தது என்று பார்த்தால் நாளொன்றுக்கு 0.4 டி.கே.எச். செலவு என்பது தெளிவாகிறது. 7-க்குக் கீழே போக வாய்ப்பிருந்தால் சோதனையை முன்னதாகவே நிறுத்திவிடலாம்.

அடுத்து நீரின் உண்மையான கொள்ளளவு. 200 லிட்டர் தொட்டியில் பாறையும் மணலும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், சம்ப்பையும் (தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டி) சேர்த்து 170 லிட்டர்தான் நீர் இருக்கிறது என்று கொள்வோம். 100 லிட்டர் நீரை 1 டி.கே.எச். உயர்த்த 3 கிராம் ஆப்ப சோடா தேவை. ஆகவே 170 லிட்டரை 0.4 உயர்த்த ஏறத்தாழ 2 கிராம் போதும். 60 கிராம் ஆப்ப சோடாவை ஆர்.ஓ. நீரில் கரைத்து 1 லிட்டர் கரைசலாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மில்லியிலும் 0.06 கிராம் இருக்கும். நாளுக்கு 34 மில்லி சேர்த்தால் செலவும் வரவும் சரியாகிவிடும். இது இவ்வளவு எளிமையானது என்பதாலேயே பலர் நம்ப மறுக்கிறார்கள். கடையில் விற்கும் பல காரத்தன்மைக் கரைசல்களிலும் அடிப்படையாக இருப்பது சோடியம் பைகார்பனேட்டோ சோடியம் கார்பனேட்டோதான்.

சமையலறையிலிருந்து எடுக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். ஆப்ப சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. பின்னதில் அமில உப்பும் மாவும் கலந்திருப்பதால் அதைத் தொட்டியில் போடவே கூடாது. ஆப்ப சோடாவை ஓவனில் 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தால், கரியமில வாயுவும் நீராவியும் வெளியேறி அது சோடியம் கார்பனேட்டாக மாறும். இதைக் கரைத்து ஊற்றினால் பி.எச். சற்று உயரும், சூடாக்காத சோடா பி.எச். அளவைச் சற்றுத் தாழ்த்தும். பி.எச். 8-க்குக் கீழேயே நிற்கும் தொட்டிகளுக்கு முன்னது பொருத்தம். அளவு மட்டும் மாறும்: 100 லிட்டருக்கு 1 டி.கே.எச். உயர்த்த 1.9 கிராம் சோடியம் கார்பனேட் போதும்.

காரத்தன்மையைக் கொடுத்த அளவுக்குக் கால்சியத்தையும் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன தொட்டிக்கு நாளுக்கு ஏறத்தாழ 1.8 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் அதற்கு ஈடானது. இரண்டையும் ஒரே புட்டியில் கலக்கவோ, தொட்டியில் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றவோ கூடாது. அந்தக் கணமே வெண்மையாகத் திரிந்து கால்சியம் கார்பனேட்டாக விழுந்துவிடும். நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில், குறைந்தது அரை மணி நேர இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும். இரண்டு கரைசல்களைத் தனித்தனியே கொடுக்கும் இந்த முறையை இல்லத் தயாரிப்பாகச் செய்யும் செய்முறைகளை எழுதிப் பரவலாக்கியதில் அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லிக்குப் பெரும்பங்கு உண்டு.

34 மில்லியைக் காலையில் ஒரே தடவையாகக் கையால் ஊற்றலாமா? செலவு 0.4 இருக்கும் தொட்டியில் ஊற்றலாம். 1 டி.கே.எச். அளவுக்கு ஏறும்போது ஒரே ஊற்றாகக் கொடுப்பது, நாள்தோறும் ஒரு மேட்டையும் ஒரு பள்ளத்தையும் நாமே உண்டாக்குவதாகும். அந்த நிலையில், நாளுக்கு ஆறோ எட்டோ தவணையாகச் சிறு அளவில் செலுத்தும் டோசிங் பம்ப் ஆடம்பரமல்ல, தேவை. பம்ப் வாங்கியதும் அது 10 மில்லி என்று சொல்வது உண்மையிலேயே 10 மில்லிதானா என்று அளவுக் குழாயில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். குழாய் தேய்வதால் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பவும் பார்க்க வேண்டும்.

வேறு வழிகளும் உண்டு. பவளம் அதிகமில்லாத புதுத் தொட்டிக்கு வாரந்தோறும் பத்து விழுக்காடு நீர் மாற்றமே போதுமானது. அப்போது உப்புக் கலவையின் காரத்தன்மை தொட்டியின் எண்ணுக்கு அருகில் இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். 8-இல் நடக்கும் தொட்டிக்கு 11.5 உள்ள உப்பைக் கலந்து கால்வாசி நீரை ஒரேயடியாக மாற்றினால், தூய்மை செய்வதாக நினைத்து ஓர் ஏற்றத்தை உண்டாக்கிவிடுகிறோம். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் ஐரோப்பாவில் பரப்பிய சுண்ணாம்பு நீர் முறை இன்றும் வழக்கில் உள்ளது. கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுத்து, ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சொட்ட விடுவார்கள். நிறைவுற்ற சுண்ணாம்பு நீர் 1 லிட்டர், 170 லிட்டர் தொட்டியை ஏறத்தாழ 0.67 டி.கே.எச். உயர்த்துவதோடு அதற்குரிய கால்சியத்தையும் சரியான விகிதத்தில் தந்துவிடுகிறது. ஆனால் அதன் பி.எச். 12-க்கு மேல். ஒரே நேரத்தில் கொட்டிவிட்டால் தொட்டியே பால்போல் வெளுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தூளைக் கையாளக் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பும் வேதியியல்படி இதே பொருள்தான் என்றாலும், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதற்கு உறுதியில்லை. உணவுத்தரத் தூளையே பயன்படுத்த வேண்டும். மேலும், சுண்ணாம்பு நீரை ஆவியாகும் நீருடன் இணைத்துவிட்டால் காரத்தன்மை வானிலையைச் சார்ந்ததாகிவிடும். சென்னையின் மே மாதத்தில் மின்விசிறிக்கடியில் நாளுக்கு மூன்று லிட்டர் ஆவியாகும் தொட்டி, ஐப்பசி அடைமழையில் அதில் பாதிகூட ஆவியாகாது. பவளத்தின் பசி அதற்கேற்பக் குறைவதில்லை.

சில தவறான நம்பிக்கைகள்

பி.எச். குறைவாக இருப்பதைப் பார்த்துக் காரத்தன்மைக் கரைசலை ஊற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஜன்னல்களை அடைத்து ஏ.சி. போட்டு நாலைந்து பேர் உறங்கும் அறையில் கரியமில வாயு சேர்கிறது. அது நீரில் கரைந்து பி.எச். அளவை 7.8-க்குக் கீழேகூடக் கொண்டுவரும். ஆனால் கரியமில வாயு நீரில் கரைவதாலோ வெளியேறுவதாலோ காரத்தன்மை மாறுவதில்லை. காரத்தன்மை 8.2 என்று சரியாக இருக்கும் அந்தத் தொட்டிக்குத் தேவை திறந்த ஜன்னல், அல்லது ஸ்கிம்மரின் (நுரையால் கழிவை நீக்கும் கருவி) காற்றுக்குழாயை வெளிக்காற்றில் வைப்பது. அதை விட்டுவிட்டு பி.எச். ஏறும் வரை சோடாவை ஊற்றினால் காரத்தன்மை 12-க்குப் போய் நிற்கும்; காலையில் பி.எச். பெரிதாக ஏறியிருக்காது.

அரகோனைட் மணலும் பவளத் துண்டுகளும் தாமாகவே கரைந்து காரத்தன்மையைக் காக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. தொட்டியின் இயல்பான பி.எச். நிலையில் அவை குறிப்பிடத்தக்க அளவில் கரைவதில்லை. கால்சியம் ரியாக்டர் என்ற கருவியில் கரியமில வாயுவைச் செலுத்தி பி.எச். அளவை 6.5-க்கு அருகே தாழ்த்துவதால்தான் அங்கே அவை கரைகின்றன. இதை நம்பிக் கடற்கரையில் பவளத் துண்டுகளைப் பொறுக்கி வந்து ஃபில்டரில் போடுபவர்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள் சுண்ணாம்புக்காகவே முன்பு பல ஆண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டு அழிவைக் கண்டவை. இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றம். பவளம் வாங்குபவர் அது உரிய ஆவணங்களோடு வந்ததா என்று கேட்டே வாங்க வேண்டும்.

ஆவியான நீருக்கு ஈடாக ஊற்றும் மேலூற்று நீரும் கவனத்துக்குரியது. நம் வீடுகளிலுள்ள குடிநீர் ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் சுவைக்காகக் குழாய்நீரைச் சிறிது கலந்துவிடும் அமைப்போ, கனிமங்களைச் சேர்க்கும் கார்ட்ரிட்ஜோ இருக்கும். போர்வெல் நீரின் காரத்தன்மை அதன்வழியே நாள்தோறும் தொட்டிக்குள் போகிறது. ஆவியாகும் நீர் தன்னோடு எதையும் எடுத்துச்செல்வதில்லை. இதனால் தொட்டியின் உண்மையான செலவு குறைவாகத் தோன்றும். மேலூற்று நீரையே ஒருமுறை காரத்தன்மைக் கிட்டில் சோதித்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அளவு ஏற்கெனவே விலகிப்போயிருந்தால் பதற்றப்படக் கூடாது. 6-க்கு இறங்கிவிட்ட தொட்டியை ஒரே நாளில் 8.5-க்கு ஏற்றுவது, இறங்கியதைவிட அதிகத் தீங்கு செய்யும். அன்றாடச் செலவை ஈடுகட்டுவதோடு நாளுக்கு அரை டி.கே.எச். மட்டும் கூடுதலாகச் சேர்த்து, ஐந்து நாள்களில் அங்கே போய்ச் சேரலாம். 12-க்கு ஏறிவிட்டதென்றால் அமிலத்தை ஊற்றிக் குறைக்க முயலக் கூடாது. கரைசலை நிறுத்திவிட்டு, நாள்தோறும் அளந்துகொண்டு, பவளங்களே அதைக் குடித்துத் தீர்க்கும்வரை காத்திருந்து, விரும்பிய எண்ணை நெருங்கும்போது பாதி அளவில் மீண்டும் தொடங்க வேண்டும்.

அளவுகளை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவருவது பிறகு பெரிதும் உதவும். பவளம் வளர வளரச் செலவு கூடும்; ஆறு மாதத்துக்கு முன் 34 மில்லியில் நின்ற தொட்டி இப்போது 60 கேட்கலாம். காரத்தன்மை மெல்ல மெல்ல இறங்குவதை நோட்டில் பார்த்து, அளவைப் பத்து விழுக்காடு வீதம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஊற்றும் அளவு மாறாமலேயே காரத்தன்மை இரண்டு மூன்று நாளாக ஏறிக்கொண்டிருந்தால் அதை உடனே கவனிக்க வேண்டும். பவளங்கள் எலும்பு கட்டுவதைக் குறைத்தோ நிறுத்தியோ இருக்கலாம், வெளியே பார்க்க நிறமும் பாலிப்பும் நன்றாகவே இருந்தாலும்கூட. முதலில் டோசிங் பம்ப் அளவு மீறி ஊற்றுகிறதா என்றும் கிட் காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் கரைசலைப் பாதியாகக் குறைத்துவிட்டு வெப்பநிலை, உப்புச்செறிவு, பாஸ்பேட், விளக்கின் நேர அமைப்பு, பாறைக்குப் பின்னால் எங்கேனும் மீனோ நத்தையோ செத்துக்கிடக்கிறதா என்பது வரை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.